இப்ப எங்க நிக்கிறியள்?

எந்த நாட்டில் நிற்கிறீர்கள் என்று கேட்ட மருத்துவரிடம் நான் பொய் சொன்னேன். எடை, இனிப்பு, நடைப்பயிற்சி பற்றியெல்லாம் மருத்துவரிடம் பொய் சொல்வதற்கு நீண்ட மரபு இருக்கிறது. நிற்கிற நாட்டைப் பற்றிப் பொய் சொன்ன மடையன் எவனைப் பற்றியும் நான் வாசித்ததில்லை. கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன்.

அந்த இலையுதிர்காலம் முழுக்க எனக்கு மூச்சு வாங்கியது. சூரிச்சில் எங்கள் வீடு இருக்கும் ஓர்லிகோன் ரயில் நிலையப் படிகளில் பாதியில் நின்று, குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டுவேன். என் சப்பாத்துக்குக் கயிறே கிடையாது என்பதை ஒருநாள் மனைவி கவனித்துவிட்டாள்.

"உங்களுக்கு என்ன செய்யுது?"

"வாய்வு."

தமிழனின் நெஞ்சுக்குள் இதயம் என்று ஓர் உறுப்பு இல்லை. அந்த இடம் முழுவதையும் வாய்வு வாடகைக்கு எடுத்திருக்கிறது.

எங்களுடையது மலிவான வகை மருத்துவக் காப்புறுதி. வருத்தம் வந்தால் நேரே மருத்துவரிடம் போய் நிற்க முடியாது. முதலில் தொலைபேசி மருத்துவ நிலையத்துக்கு அழைக்க வேண்டும். அவர்கள் விவரம் கேட்டுவிட்டு, பிறகு ஒரு மருத்துவர் வீடியோவில் அழைப்பார் என்பார்கள். அழைப்பு வரும்போது நாம் சுவிஸுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இந்த நாட்டில் மருத்துவருக்கு அனுமதி கொடுப்பதே அந்தந்த மாநிலம்தான். நாட்டு எல்லைக்கு வெளியே நிற்பவருக்கு வைத்தியம் செய்ய வேறு நாட்டின் சட்டம் குறுக்கே நிற்கும்.

இந்த விதியை வைத்து நான் விட்ட பகிடிகளுக்கு அளவில்லை. வின்டர்தூரில் ஒரு பிறந்தநாள் விழாவில், கையில் மட்டன் ரோலுடன் ஒரு சொற்பொழிவே செய்தேன். "காய்ச்சல் என்ன, எல்லையில இறங்கி விசா குத்திக்கொண்டோ உள்ளுக்கு வருது? சங்க காலத்தில தலைவி மெலிஞ்சு போனா முருகன் பூசாரி வேலனைக் கூப்பிட்டு வெறியாட வைச்சவை. ஆராவது அவனிட்ட, நீ எந்த நாட்டு அனுமதியில ஆடுறாய் எண்டு கேட்டவையோ?" மண்டபம் சிரித்தது. வேலன் சொன்ன நோய்க்காரணம் ஒருமுறைகூடச் சரியாக இருந்ததில்லை என்பதை நான் அன்று சொல்லவில்லை. பகிடிக்கு அது உதவாது.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. காலையில் நெஞ்சுக்குள் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். மனைவியின் பிடுங்கலுக்காக நிலையத்துக்கு அழைத்து, வாய்வுக்குக் குளிசை வேண்டும் என்று பதிவு செய்தேன். மருத்துவர் பின்னேரம்தான் எடுப்பார் என்று நானே முடிவு செய்து, வழக்கம்போல ரைன் ஆற்றைத் தாண்டி ஜேர்மனிக்குச் சாமான் வாங்கப் புறப்பட்டோம். சூரிச்சில் வாழும் எல்லாரையும் போல எங்களுக்கும் அந்தப் பக்கத்து மலிவு வெங்காயத்தில் ஒரு நம்பிக்கை.

பாலத்தில் மூடுபனி. ஆறு தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. ஜேர்மனி உங்களை வரவேற்கிறது என்று கைத்தொலைபேசி ஒரு செய்தி காட்டியது. கடை வாசலில் நான் ஒரு வெங்காய மூட்டையைத் தூக்கி, நாலு அடி வைத்து, கீழே வைத்துவிட்டேன். மனைவி பார்த்தாள், அதைத் தானே தூக்கித் தள்ளுவண்டிக்குள் வைத்தாள்.

"நீங்கள் காருக்குள்ள இருங்கோ. நான் இறைச்சியை வேண்டிக்கொண்டு வாறன்."

நான் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன். வாகனத் தரிப்பிடத்தில் ஆளில்லாத தள்ளுவண்டி ஒன்று காற்றில் மெல்ல உருண்டு போய்க்கொண்டிருந்தது. அது எங்கே போய் முட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

திரையில் ஓர் இளம் பெண். "வணக்கம் அங்கிள். உங்கட பெயரைப் பார்த்துத்தான் தமிழில கதைக்கிறன். நான் இஞ்சயே பிறந்தனான், பிழை விட்டா மன்னியுங்கோ."

அங்கிள் என்ற சொல் நெஞ்சில் ஏற்கெனவே இருந்த பாரத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.

"முதல் கேள்வி. இப்ப எங்க நிக்கிறியள்? சுவிஸுக்குள்ளதானே?"

"ஏன் பிள்ளை, வெளியில நிண்டா வருத்தம் மாறிப்போகுமோ?"

"வருத்தம் மாறாது. நான் உங்களைப் பார்க்கேலாது. என்ர அனுமதி எல்லையோட முடியுது."

உண்மையைச் சொன்னால் திரும்ப அழைத்து, திரும்பக் காத்திருந்து, திரும்ப மனைவியிடம் பேச்சு வாங்க வேண்டும். "வீட்டிலதான். ஓர்லிகோன். கீழ கராஜுக்குள்ள, காருக்குள்ள இருக்கிறன். மேல மனிசி டீவி போட்டிருக்கிறா, சத்தம்." என் புனைவாற்றலில் எனக்கு எப்போதும் பெருமை உண்டு.

அவள் கேட்டாள், நான் சொன்னேன். நடந்தால் கூடுகிறதா? கூடுகிறது. வேர்க்கிறதா? கொஞ்சம். "இடது கை எப்பிடி இருக்கு?"

"இருக்கு."

அவள் சிரிக்கவில்லை. முதல் பகிடிக்கு மரியாதைக்குச் சிரித்த பிள்ளை. அதற்குப் பிறகு அவளுடைய வசனங்கள் குறுகத் தொடங்கின. திரையின் மூலையில் என் முகம் ஒரு சின்னச் சதுரத்துக்குள் தெரிந்தது. இணையத்தில் தினமும் காலையில் நான் பார்க்கும் மரண அறிவித்தல்களில் முகங்கள் அப்படித்தான் இருக்கும், அதே அளவில், அதே சாம்பல் நிறத்தில்.

"அங்கிள், அப்பிடியே இருங்கோ. எழும்பாதேங்கோ. உங்கட வீட்டுக்கு அம்புலன்ஸ் அனுப்புறன். கராஜ் கதவைத் திறக்க ஆன்ரி வருவாவோ?"

"வருவா," என்றேன். வாய் தன்பாட்டில் சொன்னது.

அவள் யாரோடோ ஜேர்மனில் பேசத் திரும்பினாள். என் தெருவின் பெயரை, என் வீட்டு இலக்கத்தைச் சொல்வது கேட்டது. அந்த வேளையில் ஒரு மனிதன் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் ஒரு தீர்வைக் கண்டுபிடித்தேன்: அம்புலன்சுக்கு முன் நான் வீட்டுக்குப் போய்விட்டால் பொய் மெய்யாகிவிடும். தொலைபேசியை மடியில் கவிழ்த்துவிட்டு, சாவியைத் திருப்பி, பின்பக்கம் எடுத்தேன். கை விறைத்திருந்தது. கண்ணாடியெல்லாம் பனி.

பின்னால் ஏதோ தட்டியது. தள்ளுவண்டியோடு மனைவி.

கதவைத் திறந்தாள். "என்னை விட்டிட்டு எங்க போறியள்?"

"வீட்டை. அவசரம்."

"நானும் அந்த வீட்டிலதான் இருக்கிறன்." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கையை நீட்டி இயந்திரத்தை நிறுத்தி, சாவியை எடுத்தாள். மடியிலிருந்து ஒரு குரல், "அங்கிள்? அங்கிள்?" என்றது. தொலைபேசியையும் எடுத்தாள்.

"ஆர் பிள்ளை கதைக்கிறது? டொக்டரோ? நாங்கள் ஜேர்மனியில நிக்கிறம். கடை வாசல்ல. ஆளுக்கு முகமெல்லாம் வேர்த்து ஊத்துது."

அந்த நேரம் ஓர்லிகோனின் தெருக்களில் ஒரு வண்டி நீல விளக்கோடு எனக்காக ஓடிக்கொண்டிருந்தது, நான் இல்லாத வீட்டை நோக்கி. எங்கே நிற்கிறீர்கள் என்ற கேள்வி எதற்காகக் கேட்கப்பட்டது என்பது அப்போதுதான் விளங்கியது. சட்டத்துக்காக மட்டும் அல்ல.

"ஆன்ரி, நான் இனி அவருக்கு டொக்டர் இல்லை," என்றாள். "அங்க அம்புலன்ஸ் அனுப்ப என்னால ஏலாது. உங்கட போனில அவசர இலக்கத்துக்கு அடியுங்கோ, அங்கத்தையாக்கள் எடுப்பினம். இனி நான் சொல்லுறதை ரோட்டில போற ஆரெண்டாலும் சொல்லுவினம், அப்பிடி நினைச்சுக் கேளுங்கோ. அவரை ஓட விடாதேங்கோ. நான் போனை வைக்கமாட்டன்."

அவசர இலக்கத்தில் இடம் கேட்டபோது, எந்த ஊர், எந்தத் தெரு என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. பல வருடமாக வந்துபோகும் இடம். வெங்காயத்தின் விலை தெரியும். மனைவி, நாய் ஒன்றைக் கூட்டிக்கொண்டு போன பெண்ணை மறித்து, தன் தொலைபேசியை அவள் காதில் வைத்தாள். அந்தப் பெண் முகவரியைச் சொன்னாள். நான் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாய் என்னைப் பார்த்து ஓரடி பின்வாங்கியது.

ஜேர்மன் மருத்துவமனையில் ஓர் இரத்தக்குழாய் ஏறக்குறைய மூடியிருந்ததாகச் சொல்லி, அதைத் திறந்து, உள்ளே ஒரு சின்னக் கம்பிக்கூடு வைத்தார்கள். காரை ஓட்டியிருந்தால் எதுவரை போயிருப்பேன் என்று அங்கிருந்த மருத்துவரிடம் கேட்டேன். "பாலம் வரைக்கும் போயிருக்கலாம்," என்றார். யோசித்துவிட்டு, "பாலத்தைத் தாண்டியிருப்பீர்கள் என்று நினைக்கவில்லை," என்றார். மூடுபனிக்குள் தெரியாமல் ஓடிய அந்த ஆற்றின் சத்தம் சில இரவுகளில் இப்போதும் கேட்கிறது. பக்கத்தில் மனைவி விழித்திருப்பாள். இருவரும் தூங்குவது போல இருப்போம்.

சில கிழமைகள் கழித்து, நலம் விசாரிக்க அதே பெண் அழைத்தாள். அவளுக்குச் சொல்வதற்கென்று நான் உருக்கமான ஓர் உரை தயாரித்து வைத்திருந்தேன். அனுமதி முடிந்த இடத்தில் மனிதம் தொடங்குகிறது என்ற மாதிரி. தொண்டையைச் செருமினேன்.

"முதல் கேள்வி அங்கிள். இப்ப எங்க நிக்கிறியள்?"

"ஓர்லிகோன் பிள்ளை. வீட்டுக் குசினிக்குள்ள. சத்தியமா."

"சரி அங்கிள், நம்புறன். ஆன்ரியிட்ட ஒருக்காப் போனைக் குடுங்கோ, அவவும் சொல்லட்டும்."