அவள் கையால் ஓர் உருண்டை

உக்கடத்தில் எங்கள் வீட்டிலிருந்து விடிந்ததும் கிளம்பினால், அந்தியூரைத் தாண்டி இருக்கும் அந்தத் தோட்டத்து வீட்டுக்குப் போய்ச் சேர உச்சிப்பொழுது ஆகிவிடும். வழியெல்லாம் பஸ்ஸில் அரைத்தூக்கம். பவானியில் கண் விழித்தால் எங்கோ ஜமக்காளம் காய்ந்துகொண்டிருக்கும். சிவப்பு, பச்சை, ஊதா. மறுபடி கண் சொருகும். தொண்ணூறுகளின் அந்தப் பயணங்களில் எது பார்த்தது, எது கனவில் வந்தது என்று இன்றைக்கு எனக்கே பிரித்துச் சொல்ல வராது. அந்த வீட்டில் நடந்தது மட்டும் அப்படியே நிற்கிறது.

நான் அப்போது எய்ட்ஸ் தடுப்பு வேலையில் இருந்தேன். எங்களோடு இருந்த ஆண்கள் லாரி ஷெட்டுகளுக்குப் போய் டிரைவர்களிடம் ஆணுறை பற்றிப் பேசுவார்கள். பெண்கள் நாங்கள் வீடுகளுக்குப் போவோம். நோய் வந்தவரை ஒதுக்கினால் மற்றவர்கள் பயந்து மறைப்பார்கள், பரிசோதனைக்கு வரமாட்டார்கள், மறைக்க மறைக்கப் பரவும்; அதனால் பயத்தைப் போக்குவதுதான் முதல் வேலை என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுங்கள் என்றும் சொன்னார்கள். செய்து காட்டுவதில் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஆர்வம். முன்கோபமும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்.

அந்த வீட்டில் லாரி ஓட்டிய மகன் நோயில் இறந்துபோயிருந்தான். அவன் மனைவிக்கும் நோய் தொற்றியிருந்தது. சின்ன மகளுக்கு இல்லை என்று கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மாமியார் மருமகளை விரட்டவில்லை. மாட்டுக் கொட்டகையை ஒட்டிய ஓலைச் சாளையில் தங்கவைத்து, தனித் தட்டும் தனித் தம்ளரும் கொடுத்து, வேளாவேளைக்குச் சோறு போட்டார். குழந்தையை மட்டும் அவள் கிட்டே விடவில்லை. வாசலில் உட்கார்த்தி அவரே ஊட்டுவார். அது சாளைப் பக்கம் கை நீட்டி, "அம்மா ஊட்டோணும்" என்று அழும். அவள் சாளை வாசலை மறைத்த படலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அதைக் கண்ட அன்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

விறுவிறுவென்று சாளைக்குப் போனேன். அவள் பாதி குடித்து வைத்திருந்த தம்ளரை எடுத்துவந்து, மாமியார் கண்ணெதிரே வாய் வைத்து மீதித் தண்ணீரைக் குடித்தேன்.

"என்ன அம்மணி, எச்சத் தண்ணியக் குடிச்சுப்போட்டீங்களே" என்றார் அவர்.

"இதுல நோய் ஒட்டாதுங்க. அதக் காட்டத்தானுங்க குடிச்சேன்."

"நோய் கெடக்குதுங்க. எச்சையாச்சுங்களே! ஏனுங்க, உங்கூட்டுல அண்ணாந்து குடிக்கப் பழக்கலீங்களா?"

அந்த வீட்டில் யாருமே தம்ளரில் வாய் வைத்ததில்லை. நோய் வருவதற்கு முன்பும் அப்படித்தான். நானோ நோன்புப் பெருநாள் என்றால் ஒரே பெரிய தட்டில் பிரியாணியைக் கொட்டி, சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் வீட்டில் வளர்ந்தவள். எச்சில் என்ற நினைப்பே எனக்கு எழவில்லை. நான் காட்டிய வீரம் அவர் கண்ணுக்கு வெறும் அசிங்கம். எங்கள் வீட்டு வழக்கத்தை அசடு வழியச் சொன்னேன்.

"ஒரே தட்டுலயா? ஆளுக்கொரு பக்கம் வரப்புக் கட்டிக்குவீங்களா?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எம் மவன் கொண்டாந்து அவ தலையில போட்டுட்டுப் போயிட்டான். அவ மேல எனக்கு என்னுங்க கோவம்? பாப்பாளுக்கு ஒட்டிக்கிச்சுன்னா? எனக்கு வேற ஆருங்க இருக்கறாங்க?"

திரும்பும்போது பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. எச்சில் படாமல் எப்படிக் காட்டுவது? சித்தோட்டுக்கு அருகே வெயில் சாய்ந்து, வயலெல்லாம் மஞ்சளாக மங்கிய நேரத்தில் என் அம்மாவின் கை ஞாபகம் வந்தது. தயிர்ச்சோறு பிசைந்து எங்கள் உள்ளங்கைகளில் வரிசையாக உருண்டை வைப்பார். அதில் எச்சில் ஏது?

அடுத்த முறை போனபோது அந்தப் பெண்ணைக் கை கழுவிக்கொண்டு வந்து வாசல் வேப்பமரத்தடியில் சோறு பிசையச் சொன்னேன்.

"நானுங்களாக்கா?"

"நீதான் கண்ணு. எனக்குப் பசிக்குது."

என் உள்ளங்கையில் ஓர் உருண்டை வைத்தாள். தின்றேன். உப்பு போதவில்லை, அதையும் சொன்னேன். குழந்தை ஓடிவந்து கையை நீட்டியது. மாமியார் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டார். எனக்கு நாக்கு நுனிவரை வசவு வந்துவிட்டது. அதற்குள் அவர் தன் கையை நீட்டினார்.

"எனக்கு வெய்யி கண்ணு."

"அத்தே..." என்றாள் அவள். கை அசையவில்லை.

"வெய்யின்னா. மொதல்ல நான் தின்னு பாக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆவுலீன்னாப் பாப்பாளுக்குக் குடுக்கலாம்."

ஒன்றும் ஆகாது, ஆகவே ஆகாது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். "நீங்க சொன்னா நெசந்தானுங்க. ஆனா நானும் பாக்கோணுமல்லொ" என்றார். அடுத்த அமாவாசை வரை தினமும் தின்று பார்ப்பாராம். அது ஒரு பரிசோதனையே அல்ல என்று எனக்குத் தெரியும். பேத்திக்காகத் தன் உயிரை முன்னால் வைக்கிறார் என்பதும் தெரிந்தது. அவர் உருண்டையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டதும் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

அமாவாசை கழிந்து போனேன். வேப்பம்பூ உதிர்ந்துகிடந்த வாசலில் குழந்தை அவள் மடியில் உட்கார்ந்திருந்தது, கன்னமெல்லாம் சோறு. பக்கத்தில் மாமியார், உள்ளங்கையைக் குவித்து நீட்டியபடி.

"இன்னுமா சோதிச்சுப் பாக்கறீங்க?" என்றேன்.

"அதெல்லாம் அப்பவே பாத்தாச்சுங்க. இப்ப அவ கையில வாங்கித் தின்னாத்தான் எறங்குது."

அந்த நோய்க்கு மருந்து என்று எங்கள் கைக்கு எட்டும்படி அன்றைக்கு எதுவும் இல்லை. அவளுக்கு நாள் அதிகமில்லை என்பது அவளுக்கும் தெரியும், மாமியாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். குழந்தை வாயைத் திறந்துகொண்டு அடுத்த உருண்டைக்குக் காத்திருந்தது.