நேராக்கிய படம்

பாலாநகர் தொழிற்சாலையில் இரும்புத் தகட்டை அச்சால் அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் மெஷினைக் கேமரா விடாமல் படமெடுக்கும். ஒவ்வொரு படத்தையும் அச்சைப் பொருத்திய அன்று எடுத்த படத்தோடு பொருத்திப் பார்த்து, அச்சு நகர்ந்திருந்தால் கணினி அலாரம் அடிக்கும். கேமரா அதிர்ந்தாலும் அடித்துத் தொலைத்தது. ஒவ்வொரு முறையும் ஆபரேட்டர் சந்தானம் மெஷினை நிறுத்தி, அச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார்.

மதுரையிலிருந்து வேலைக்கு வந்த சுபாஸ்ரீ, கேமரா ஆட்டத்தில் கோணலான படங்களை நேராக்க, டீப் லேர்னிங் மாடலுக்குப் பயிற்சி கொடுத்தாள். அலாரம் ஓய்ந்தது. கெட்டிக்காரி என்று எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு மூன்று வாரமாக அச்சே மெல்லச் சாய்ந்ததையும், கேமரா ஆட்டமென்று மாடல் நேராக்கிக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை அச்சு உடைந்து தெறித்ததில் சந்தானத்தின் வலது கண் போனது.

ஆஸ்பத்திரியில் அவள் அழுதாள்.

“அழாதம்மா,” என்றார் அவர். “முன்னெல்லாம் அலாரம் அடிச்சா நான் எந்திரிச்சுப் போய்ப் பாப்பேன். அந்தத் தொல்லைய நீதானே தீத்து வச்ச.”