மாலை போட்ட என் தோள்

மூன்று வருஷத்துக்கு முன்பு, வைகாசி மாதம், காஞ்சிபுரத்தில் கருட சேவைக் கூட்டம் வடிந்த மறுநாள், வேலைக்காக ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளப் போனேன். அந்தப் போட்டோ என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று தெரிந்திருந்தால் கையில் இருந்த சுடிதாரோடு எடுத்துக்கொண்டு வந்திருப்பேன்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். ஓர் ஊரில் நிலையாக இருந்ததில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி, ஓசூரில் ரோஜாப்பூ பறிக்கும் வேலை, பூந்தமல்லியில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடும் வேலை. கேனை வலது தோளில் வைத்தே தூக்கி, அந்தத் தோள் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. பிறகு வாலாஜாபாத்தில் ஒரு மெஸ்ஸில் சமைத்தேன். அங்கே எண்ணெய் தெறித்து, கழுத்துக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தழும்பு. மெஸ்ஸை மூடிவிட்டார்கள். செவிலிமேட்டில் தெரிந்த பெண் ஒருத்தியின் அறையில் ஒட்டிக்கொண்டேன்.

அவள்தான் வயதானவர்களை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்சியைச் சொன்னாள். போனில் பேசிய அம்மா, என் போட்டோவைச் செல்போனில் பார்த்துத்தான் ஆட்கள் தேர்ந்தெடுப்பார்கள், அதனால் நீட்டாக, புரொபஷனலாக இருக்க வேண்டும் என்றார். வேலை கிடைத்தால் சாப்பாடும் படுக்க இடமும் சேர்ந்தே கிடைக்கும். எனக்கு அப்போது இரண்டுமே நிச்சயமில்லை.

என்ன உடுத்துவது என்பதுதான் பெரிய பிரச்சினையாகிவிட்டது. என்னிடம் இருந்தது வெளுத்துப்போன நீலச் சுடிதாரும், பழைய கம்பெனி பெயர் போட்ட ஒரு சட்டையும். அறைத் தோழி ஜிகினா வைத்த புடவையைக் கொடுத்தாள். கண்ணாடியில் பார்த்தால் டான்ஸ் ஆடப் போகிறவள் மாதிரி இருந்தது. கடைசியில் சுடிதாரோடே ஸ்டூடியோவுக்குப் போனேன்.

ஸ்டூடியோக்காரர் இளவயசுக்காரர். ஆணியில் தொங்கிய வெள்ளைக் கோட்டைக் காட்டி, நர்ஸ் மாதிரி எடுப்பாக இருக்கும் என்றார். நான் நர்ஸ் இல்லையே என்று வேண்டாம் என்றுவிட்டேன். உடனே உள்ளேயிருந்து ஒரு பட்டுத் துண்டை எடுத்து வந்தார். நெய்யும்போது தவறு விழுந்து, கடையில் எடுக்காமல் கழித்த புடவையில் வெட்டியது. முன்பக்கம் மட்டும் இருக்கும் ரவிக்கை, அதைப் பின்னால் நாடாவால் கட்டிக்கொள்ள வேண்டும். அதன்மேல் இலைப்பச்சைப் பட்டு, தோளில் ஒரு ஊக்கு. மேலே பட்டு, கீழே வெளுத்த சுடிதார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சிரிச்சிக்கினே இருங்கக்கா, அதான் நல்லா இருக்குது" என்று அவர் எடுத்துவிட்டார்.

படத்தைக் கம்ப்யூட்டரில் காட்டியபோது தோள் சரிந்திருந்ததும் தழும்பும்தான் என் கண்ணில் பட்டன. இரண்டையும் சரிசெய்யச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் தோள்கள் சமமாகின, கழுத்து பளிச்சென்று ஆனது. யாரோ வசதியான வீட்டுப் பெண் மாதிரி இருந்தேன். அனுப்பி வைத்தேன்.

ஆடி முடிகிற வரைக்கும் யாரும் கூப்பிடவில்லை. கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவி ஓட்டினேன். ஆவணியில் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. ஓரிக்கைப் பக்கம் ஒரு வீடு. அந்த வீட்டு அம்மா இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. அப்பாவுக்குப் பக்கவாதத்தில் கால் வரவில்லை. ஒரே மகள், ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை. பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையோடு போய்ச் சேர்ந்தேன். அந்தப் பெண் வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டது. "பட்டு கட்டிக்கினு லட்சணமா இருந்தீங்கக்கா, அதான் உங்களையே சொன்னேன்" என்றது. பெரியவர் கூடத்தில் கட்டிலில் படுத்திருந்தார். எதிர்ச் சுவரில் இறந்துபோன அம்மாவின் படம், பெரிய பிரேமில், சந்தனப் பொட்டும் மாலையுமாக.

கும்பிடுவதற்காக அருகே போனேன். அரக்குப் பட்டு, வட்ட முகம், பெரிய பொட்டு. நான் பார்த்தே இராத முகம். ஆனால் ஏதோ உறுத்தியது. மாலை கொஞ்சம் விலகியிருந்த இடத்தில், கழுத்துக்குக் கீழே, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தழும்பு தெரிந்தது. என் கை தானாக என் கழுத்துக்குப் போனது. பிறகு தோளைப் பார்த்தேன். வலது தோள் சரிந்திருந்தது. அதே இடத்தில் அதே ஊக்கு. புடவையின் நிறம் மட்டும்தான் மாறியிருந்தது.

அது என் உடம்பு. அதன்மேல் செத்துப்போன ஒருவரின் முகம்.

நான் இன்னும் உயிரோடு இருக்கிறேனா என்று ஒரு நொடி சந்தேகமே வந்துவிட்டது. அந்தப் பெண் பக்கத்தில் வந்து நின்று, அம்மாவுக்கு நல்ல போட்டோவே இல்லை, எப்போதும் வீட்டுப் புடவையில்தான் இருப்பார், ஆதார் அட்டையிலிருந்து முகத்தை எடுத்து ஸ்டூடியோவில் செய்து வாங்கினோம் என்றது. பிறகு கற்பூரம் ஏற்றி அந்தப் படத்துக்குக் காட்டி, கண்ணாடியில் என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அந்தப் பெண்ணுக்கு அம்மா படம் போகும், எனக்கு வேலை போகும். விடிந்ததும் ஏதாவது காரணம் சொல்லிக் கிளம்பிவிடலாம் என்று முடிவுசெய்தேன்.

காலையில் கம்பெனி வேன் வந்து அந்தப் பெண் கிளம்பிவிட்டது. பெரியவருக்குக் கஞ்சி கொடுக்க உட்கார்ந்தேன். படத்துக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்தேன். அவர் இரண்டு வாய் குடித்துவிட்டு என் சரிந்த தோளையே பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். பேச்சு குழறினாலும் புரியும்படி இருந்தது.

"ஏம்மா, அந்தத் தோளு உன்னோடதுதானே?"

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

அவர் தறிக்காரர். புடவையின் உடலையும் பார்டரையும் சேர்த்து நெய்யும் கோர்வைக்கு ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவிதான் பக்கத்தில் உட்கார்ந்து பார்டருக்கு நூல் ஓட்டும் நாடாக்கட்டையைத் தள்ளியிருக்கிறார். தோளோடு தோள் உரசிக்கொண்டுதான் வேலை.

"அவளுக்கு வலது தோளு தூக்கினு இருக்கும். இது அவ தோளு இல்லன்னு மாட்டின அன்னிக்கே தெரிஞ்சிபோச்சு. பொண்ணு அதைப் பாத்துட்டுத்தான் தூங்குது, எதுக்குச் சொல்லணும்னு வுட்டுட்டேன்."

நான் போய்விடட்டுமா ஐயா என்று கேட்டேன். அவர் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

"எவளுக்கோ கற்பூரம் காட்டிக்கினு இருக்கோமேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கஞ்சி ஊத்தறவளுக்குத்தான் காட்டியிருக்கோம், பரவால்ல. போறதுன்னா கஞ்சியக் குடுத்துட்டுப் போ."

கஞ்சியைக் கொடுத்தேன். மதியம் சோறு கொடுத்தேன். அப்படியே அந்த வீட்டில் ஒன்றரை வருஷம் இருந்தேன், அவர் கோலைப் பிடித்துத் தெருமுனை வரைக்கும் நடக்கிற வரைக்கும். நான் ஓர் இடத்தில் இருந்த காலத்தில் அதுதான் அதிகம். அந்தப் பெண்ணிடம் நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

நடுவில் ஒருநாள் ஸ்டூடியோவுக்குப் போய்ச் சண்டை போட்டேன். சாவு வீட்டு ஆட்கள் வந்து நின்றபோது கையில் கிடைத்தது என் படம்தான், அதுவும் சரிசெய்யாத முதல் படம் என்று அவர் தலையைச் சொறிந்தார். வேறு உடம்பு வைத்துப் புதுப் படம் போட்டுத் தருகிறேன் என்றார். வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது வேலூரில் வேறொரு வீட்டில் இருக்கிறேன். ஏஜென்சியில் இன்னும் அந்தச் சமமான தோள்களும் பளிச்சென்ற கழுத்துமுள்ள படம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் முகம் மட்டும்தான் என்னுடையது. எனக்கென்று ஒரு சுவர் இதுவரை அமையவில்லை, ஆனால் நான் மறைக்கச் சொன்ன தோளும் தழும்பும் இருக்கிறபடியே ஒரு வீட்டில் மாட்டியிருக்கின்றன, சாயங்காலமானால் அவற்றுக்கு ஒரு பெண் கற்பூரம் காட்டுகிறாள் என்று நினைக்கும்போதெல்லாம், அன்றைக்கு அவற்றுக்காக வெட்கப்பட்டது வீண் என்றே எனக்குத் தோன்றுகிறது.