தேடி வர ஆளில்லாத விளையாட்டு

மகள் மதுரையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கிறாள். விடுமுறைக்குக் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கல்லூரி புராஜெக்டுக்கு ஒரு வீடியோ கேம் செய்யப்போவதாகச் சொன்னாள். எங்கள் ஊர்ச் சோலைக்காட்டில் ஒருத்தி தனியாக மாட்டிக்கொள்கிறாள். குளிரிலும் பசியிலும் சாகாமல் மேலே ரோட்டுக்கு வந்து சேர வேண்டும். அவ்வளவுதான் கதை. சமையலறைச் சுவர் முழுக்கச் சார்ட் பேப்பர் ஒட்டினாள். நனைந்த ஸ்வெட்டரோடு எவ்வளவு நேரம் தாங்கலாம், எந்தப் பழத்தைத் தின்றால் வாந்தி வரும் என்று அம்புக்குறி போட்டு எழுதினாள். சப்பாத்தி உருட்டிக்கொண்டே நான் அதைப் படிப்பேன். சாவதற்கு அத்தனை வழி.

என் கணவர் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறவர். அவருக்கு அது சிரிப்பாக இருந்தது.

"சீசன் இல்லாத மாசத்துல இந்த ஊர்ல பொழைக்கிறதுதான் பாப்பா சர்வைவல். என்னைய வச்சு எடு."

"உங்களை வச்சு எடுத்தா மொத லெவல்லயே டீக்கடையில உக்காந்துருவீங்கப்பா."

நான் கேட்டது ஒன்றுதான். "அவளக் காணோம்னு வீட்ல யாரும் தேட மாட்டாங்களாடி?"

"தேடி வந்துட்டா அது சர்வைவல் கேமே இல்லம்மா. ஆளே கெடையாது. அவ மட்டும்தான்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. பெற்றவளை ஒரே வரியில் கதையிலிருந்து எடுத்துவிட்டாள்.

எழுதியது சரிதானா என்று காட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். தனியாக விட மனமில்லாமல் நானும் கூடப் போனேன். வட்டக்கானலுக்குக் கீழே, பாதை சோலைக்குள் திரும்பும் இடத்தில் என்னை ஒரு பாறையில் உட்காரவைத்துவிட்டுத் தன் போனை என் கையில் கொடுத்தாள்.

"இது எதுக்கு?"

"கேம்ல அவளுக்குப் போன் கெடையாதுல்ல. கையில இருந்தா நான் மேப் பாத்துருவேன். வழி தெரியாமப் போயி வழி கண்டுபிடிச்சு வரணும். ஒரு ரவுண்டு போயிட்டு வெரசா வந்துர்றேன்மா."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அவள் போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் மேகம் இறங்கியது. இங்கே அது தினமும் நடப்பதுதான். பக்கத்து மரம் தெரியும், அதற்கு அடுத்தது தெரியாது. காத்திருந்தேன். விலகவில்லை. பதறிப்போய் என் போனை எடுத்து அவளுக்கு அடித்தேன். என் மடியிலேயே மணி அடித்தது.

பிறகு கத்த ஆரம்பித்தேன். பாப்பா, பாப்பா என்று மட்டும்தான். என் கணவருக்குத் தகவல் சொல்ல, அவர் சவாரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். அதற்குள் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"சித்த சும்மா இரு. இந்த மூட்டத்துல எங்கிட்டு இருந்து சத்தம் வருதுன்னு அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

"பெத்தவ கூப்புடாம கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமாக்கும். உங்களுக்கு என்னங்க, நீங்க சும்மா இருப்பீங்க."

இன்னும் உரக்கக் கத்தினேன்.

சாயங்காலம் மூட்டம் லேசாகக் கலைந்ததும் அவளாகவே ஏறி வந்தாள். முழங்காலெல்லாம் சிராய்ப்பு, கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம். நான் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. வண்டியில் ஏறி, ஹீட்டர் சூட்டில் உதட்டு விறைப்பு விட்டுப் பேச முடிந்த பிறகுதான் சொன்னாள். என் குரல் அவளுக்கு முன்பக்கம் கேட்டிருக்கிறது. அம்மா அங்கேதான் நிற்கிறாள் என்று அதை நோக்கியே நடந்திருக்கிறாள். மரம் முடிந்து புல் வந்தது, புல் முடிந்து ஈரப்பாறை வந்தது. அப்புறம் காற்று கீழே இருந்து அடித்திருக்கிறது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூட்டம் ஒரு கணம் விலகியபோது காலுக்கு நேர் கீழே, வெகு ஆழத்தில், அடுக்கம் கிராமத்துக்குப் போகிற ரோடு தெரிந்ததாம். எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பிய என் குரலை நம்பித்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்.

"நீ கூப்புடக் கூப்புட எந்திரிச்சு வரணும்போலயே இருந்துச்சும்மா. காதைப் பொத்திக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன்."

என் கணவர் ரோட்டையே பார்த்து வண்டியை ஓட்டினார். 'நான் சொன்னேன் பார்த்தாயா' என்று அவர் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இந்த கேமே வேண்டாம் என்று கெஞ்சினேன். கடைக்கு பில் போடுகிற சாப்ட்வேர் செய்யேன் என்றேன். அதை எல்லாரும் செய்துவிட்டார்களாம். நடந்ததை அவளுடைய புராஜெக்ட் சார் போனில் கேட்டுவிட்டு, சூப்பர், இதையும் உள்ளே கொண்டுவா என்றாராம். அவர் வீட்டுப் பிள்ளையா பாறை விளிம்பில் உட்கார்ந்திருந்தது? மறுநாளே சார்ட்டில் புதிதாக ஒரு கட்டம் வந்தது. மூட்டத்தில் ஒரு குரல் கூப்பிடும். அதை நோக்கிப் போனால் விழுந்து சாக வேண்டியதுதான். ஆக, ஆளே இல்லாத கதையில் எனக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டது.

போன வாரம் அடுப்படிக்கு வந்து போனை என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"நெட்ல எடுத்த குரல் எதுவும் செட் ஆகலம்மா. நீ கூப்புடு. அன்னைக்குக் கூப்புட்டல்ல, அதே மாதிரி."

"பாப்பா" என்றேன்.

"சோறு திங்கக் கூப்புடுற மாதிரி இருக்கு."

"அன்னைக்கு மாதிரி வேணும்னா நீ அங்க போயி நிக்கணும்டி."

போனைத் தாழ்த்திக்கொண்டாள். சொல்லியிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றவில்லை. சரிம்மா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் மூடிய கதவுக்குப் பின்னால் அவளே தன் குரலில் பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டுப் பதிவு செய்வது கேட்டது. நன்றாகவே கூப்பிட்டாள்.