தேவகி அக்காவுக்கு என்ன டூட்டி?

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்கு, பம்மலில் ஒரு தையல் யூனிட்டில் தீப்பிடித்தது. பதறாதீர்கள்... ஒத்திகைதான். பற்ற வைத்தது அடியேன்.

யூனிட் என் நண்பர் சேகருடையது. பள்ளிச் சீருடை தைக்கிறார்கள். நாற்பது பெண்கள். ஆபத்து வந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுத்தில் கொடுக்கும்படி ஆர்டர் தருபவர்கள் கேட்க, சேகர் என்னிடம் வந்தார். தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். கரும்பு தின்னக் கூலியா? இருபத்திரண்டு பக்கத்துக்குத் திட்டம் போட்டேன். இரண்டே நிமிடத்தில் ஹால் காலியாகிவிடும் — அது என் கணக்கு.

மணி அடித்தது. எல்லோரும் ஒழுங்காக எழுந்தார்கள். ஒழுங்காக வாசலுக்கு வந்தார்கள். வந்து... குனிந்தார்கள்.

செருப்பு தேட.

தையல் மெஷின் இருக்கும் இடத்துக்குள் யார் செருப்போடு போவார்கள்? அத்தனை ஜோடியும் அந்த ஒரே வாசலில் கிடந்தன. முன்னால் நிற்பவருக்குத் தன் ஜோடி கிடைக்கும்வரை பின்னால் இருப்பவர்கள் 'நெருப்பில்' காத்திருந்தார்கள். ஏழு நிமிடம்.

"நெருப்பு புடிச்சாகூட செருப்பு தேடுவீங்களா?" என்று கத்தினேன்.

"வெளில ஆணியும் கண்ணாடியுமா கீது சார். வெறுங்கால்ல எங்க நிக்கிறது?" என்றார் துணி வெட்டும் மல்லிகா. நியாயம்தானே? முற்றத்தைப் பெருக்கி, செருப்பு ஸ்டாண்டை, எல்லோரும் வந்து கூட வேண்டிய மரத்தடிக்கே மாற்ற முடிவானது.

பெயர் கூப்பிட்டேன். முப்பத்தொன்பது பேர்தான் இருந்தார்கள்.

உள்ளே ஓடினேன். கடைசி மூலையில் தேவகி அக்கா. சட்டைப் பட்டன்களைச் சரிபார்ப்பவர். சிறு வயதில் போலியோ தாக்கிய கால். அதற்கு இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ். நாள் முழுக்கப் போட்டிருந்தால் புண்ணாகும் என்று, உட்கார்ந்ததும் கழற்றிவிடுவாராம். இப்போது ஒவ்வொரு வாராக மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், நானும் வந்துட்டேன்னு எழுதிக்கோங்க சார். ஓனருக்குத் தெரிஞ்சா, இவ ஒருத்தியால பேஜாருன்னு நிறுத்திடுவாரு. இந்த வேலைய வுட்டா எனக்கு வேற இன்னா கீது?"

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? பொய் எழுதினால் வேலை தப்பும். நிஜமாகவே தீப்பிடித்தால்? உண்மையைத்தான் எழுதினேன். அந்தத் தாளைச் சேகரிடம் நீட்டியபோது என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

சேகர் இரண்டு முறை படித்தார்.

"பன்னெண்டு வருஷமா இருக்காங்க சார். பூட்ஸைக் கழட்டிட்டுத்தான் உக்கார்றாங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

எழுந்து போய், அக்காவின் மேசையை அவரே இழுத்து வாசல் பக்கம் போட்டார். அக்கா அழுதுவிட்டார். நானும்தான் — சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு.

அடுத்த வாரம் மறுபடி மணி. மல்லிகாவும் இன்னொருவரும் அக்காவை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். இரண்டு நிமிடத்துக்குள் நாற்பது பேரும் மரத்தடியில். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா முகத்தில் மட்டும் சிரிப்பைக் காணோம்.

"என்ன அக்கா?"

"எல்லாருக்கும் ஒரு டூட்டி போட்டுகீறீங்க. ஒருத்தி மெயின் ஆஃப் பண்றா, ஒருத்தி மணி அடிக்கிறா. என்னைய மட்டும் தூக்கிகினு வர்றாங்க. நான் இன்னா மூட்டையா சார்?"

யார் யாரைக் காப்பாற்றுவது என்று இருபத்திரண்டு பக்கம் எழுதிய நான், காப்பாற்றப்படுகிறவர் என்ன செய்வார் என்று யோசிக்கவே இல்லை. திட்டம் போடுகிற நாம் எல்லோருமே இப்படித்தான் இல்லையா? வெட்கத்தோடு பெயர்ப் பதிவேட்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

நேற்று மூன்றாவது ஒத்திகை. மரத்தடியில் நாற்காலி போட்டு அமர்ந்து, அக்கா கணீரென்று பெயர் கூப்பிட்டார். எல்லோரும் ஆஜர். போன் பேசி முடித்துவிட்டு, கடைசியாக ஆற அமர வெளியே வந்தார் சேகர்.

அக்கா பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஓனர் சார், நீங்க லேட்டு. செத்துட்டீங்கன்னு போட்டுக்கவா?"