டெஃபனட்லியைக் கைவிட்டேன்

‘டெஃபனட்லி’ என்ற ஆங்கிலச் சொல்லை இனிப் பயன்படுத்துவதில்லை என்று இன்று காலை முடிவு செய்தேன். குடும்பத்தாருக்கும் முறைப்படி தெரிவித்துவிட்டேன்.

கேஸ் சிலிண்டர் கொண்டுவர வேண்டியவர் போனில் அதைச் சொன்னதுதான் காரணம்.

எல்லை குறிப்பது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. அகராதி ‘ஐயமின்றி’ என்கிறது. ஆரணியில், எனக்குத் தெரிந்து, எண்பதுகளில் அதை முதலில் பயன்படுத்தியவர் பட்டுக்கடை வைத்திருந்த என் சித்தப்பா. அதுவரை கடையில் ‘பாக்கலாங்க’தான்.

செய்யாரிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா வந்தார். வெள்ளிக்கிழமை கல்யாணம்.

“முகூர்த்தப் புடவை புதன்கிழமை கெடைக்குங்களா?”

“டெஃபனட்லி.”

அவர் போனதும், அந்தப் புடவையை நெய்துகொண்டிருந்த ஏகாம்பரம் சித்தப்பாவைப் பார்த்தார்.

“இன்னாங்க இப்டி சொல்லிட்டீங்க? புதன்கிழமை அமாவாசை. எவன் தறியில ஒக்காருவான்? வியாழக்கிழமை பூரா நெய்ஞ்சாதான் வெள்ளிக்கிழமை தறியிலேர்ந்து அறுக்கலாம்.”

“இங்கிலீஷ்ல சொல்லிட்டனேப்பா.”

“அப்ப அமாவாசைகிட்டயும் இங்கிலீஷ்லயே சொல்லிடுங்க.”

புதன்கிழமை செய்யார்க்காரர் வந்தார். சித்தப்பா குரலைத் தாழ்த்தாமல், “வெள்ளிக்கிழமை டெஃபனட்லி” என்றார்.

“வெள்ளிக்கிழமை காலையில தாலி கட்றாங்க சார். பொண்ணு இன்னாத்த கட்டிகினு மணையில ஒக்காருவா?”

வெள்ளிக்கிழமை மதியம் புடவையைத் தறியிலிருந்து அறுத்தார்கள்.

பெண் காஞ்சிபுரத்துப் பட்டு கட்டியிருந்தாள்.