வழுக்கைத் தலைக்காரரின் சீப்பு

தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வரும் காலை ரயிலில் அவர் எனக்கு எதிரே உட்காருவார். கழுத்தில் சாஃப்ட்வேர் கம்பெனி அட்டை தொங்கும். சட்டைப் பையில் சீப்பு இருக்கும். தலையில் வாருவதற்கு முடி இருக்காது. மேலே மின்விசிறி நின்றால் அந்தச் சீப்பைக் கம்பி வலைக்குள் விட்டு இறக்கையைத் தள்ளிவிடுவார்.

"உள்ள கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கு சார். அதான் ஒரு தள்ளு கேக்குது" என்று சிரிப்பார்.

அவர் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்தவர் என்று தெரிந்ததும், என் மகளை அதில் சேர்க்கலாமா, கட்டுகிற ஃபீஸுக்குத் தேறுமா என்று கேட்டேன்.

"சேத்து விடுங்க சார். எங்கப்பா கட்டினதெல்லாம் மூணே வருஷத்துல எடுத்துட்டேன், கோடிங்ல."

"அப்போ படிச்ச எலக்ட்ரிகல்?"

"அது இந்த ஃபேனோட சரி."

மகளுக்கு ஃபீஸ் கட்டிவிட்டேன். ஆனால் மின்விசிறி சுற்றும்போது வருகிற அந்தச் சிரிப்பு, கோடிங்கைப் பற்றிச் சொன்னபோது அவர் முகத்தில் வரவில்லை. அதுதான் உறுத்துகிறது.